கறைபட்ட கைக்கு நாற்காலி எதற்கு?

(பனவடலிசத்திரத்தில் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்யப்பட்ட பட்டிமன்றம். தலைப்பு: 'காவல், உளவுத் துறைகளின் தலைமைக்குப் பெரிதும் வேண்டுவது கடுமையா? கறையில்லாத கையா?' 'கறையில்லாத கையே' என்ற அணியில் நிறைவாகப் பேசியது.)

யார் பக்கமும் சாயாத நடுவர் அவர்களே! மேடையிலே இடி இடிச்சுட்டு, இப்ப ஒண்ணும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்து சோடா குடிச்சுக்கிட்டிருக்கிற எதிரணி வழக்கறிஞர் அண்ணாச்சி அவர்களே! (சிரிப்பு) வேலையை எல்லாம் போட்டுட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! பெரியோர்களே!

பனவடலிசத்திரம்! இந்த ஊர்ப் பேரைச் சொல்லிப் பாருங்க. வடலின்னா என்ன? இளம்பனை. சத்திரம்னா என்ன? வழிப்போக்கனுக்குச் சோறு போட்டுத் திண்ணை குடுக்கிற இடம். நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தேன்னு சந்தேகப்படாம முதல்ல தண்ணி குடுக்கிற இடத்துக்குத்தான் சத்திரம்னு பேரு. அப்படிப் பேர் வெச்சிருக்கிற ஊரிலே வந்து நின்னுக்கிட்டு, 'அடிச்சாத்தான் உண்மை வரும்'னு பேசுறதுக்கு எங்க அண்ணாச்சிக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ! (கைதட்டல்)

அண்ணாச்சி நல்லாப் பேசினார். நானும் கை தட்டினேன். அவர் என்ன கேட்டார்? 'உளவுத்துறைத் தலைவர் என்ன கோயில் பூசாரியா, கையிலே திருநீறு மணக்க? குண்டு வைக்கிறவன்கிட்டே போய், ஐயா, தயவு பண்ணிச் சொல்லுங்கய்யான்னு கேட்டாச் சொல்லுவானா?' அப்படின்னார். அடுத்தது, 'பழைய கதையை ஏன் கிளறணும்? மேலே இருந்து சொன்னாங்க, அவர் செஞ்சார்' அப்படின்னார். மூணாவது, 'யார்தான் தப்புப் பண்ணலை? திருந்தினவனுக்கு வாழ்வு கிடையாதா?' அப்படின்னார். மூணும் நல்ல கேள்வி. மூணுக்கும் பதில் சொல்லாம நான் மேடையை விட்டு இறங்கப் போறதில்லை.

நடுவர் அவர்களே! முதல் கேள்விக்கு ஒரு ஆடு பதில் சொல்லும். (சிரிப்பு) சிரிக்காதீங்க, உண்மையாவே ஆடுதான்.

எனக்கு அப்பப் பத்து வயசு. இங்கிருந்து கொஞ்ச தூரத்திலே ஒரு கரிசக்காட்டு ஊர் எங்க ஊர். எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஊர்ப் பெரிய வீட்டுக்கு ஆடு மேய்ச்சார். கோயில் கொடைக்குன்னு நேர்ந்து விட்ட கெடா ஒண்ணு காணாமப் போச்சு. யார் மேலே சந்தேகம்? மேய்ச்சவன் மேலேதான். கொண்டு போனாங்க. எந்த ஸ்டேஷன்னு கேட்காதீங்க, அது இன்னைக்கு வேண்டாம். ரெண்டு ராத்திரி. மூணாம் நாள் காலையிலே அண்ணன் 'உண்மையை' ஒத்துக்கிட்டார். கெடாவைச் சந்தையிலே வித்தேன். 140 ரூபாய்க்கு வித்தேன். பெரிய மீசை வெச்ச ஒரு ஆள்தான் வாங்கினார்ன்னு எல்லாத்தையும் சொல்லிட்டார். ஒரு போலீஸ்காரரை அந்த மீசைக்காரரைத் தேடச் சொல்லிச் சந்தைக்கு அனுப்பினாங்க. ஐயா, நம்ம சீமையிலே சந்தைக்குப் போய் மீசைக்காரரைத் தேடினா எத்தனை பேரைப் பிடிக்கிறது! (பலத்த சிரிப்பு)

அன்னைக்குச் சாயந்திரம் ஊருக்கு மேற்கே பாழுங்கிணத்துக்குள்ளே இருந்து 'ம்மே'ன்னு ஒரு சத்தம். எட்டிப் பார்த்தா கெடா நிக்குது! விழுந்து கிடந்து இலை தழையைத் தின்னுட்டு உசிரோட நிக்குது. அந்த மூணு நாளிலே உண்மை பேசின ஒரே ஜீவன் அந்தக் கெடாதான். (சிரிப்பு, கைதட்டல்)

விக்காத ஆட்டுக்கு விலை சொன்னாரே எங்க அண்ணன், அவர் பொய்யரா? இல்லை ஐயா. வலி தாங்க முடியாதவன் உண்மையைச் சொல்ல மாட்டான்; எதைச் சொன்னா அடி நிக்குமோ அதைச் சொல்லுவான். கேட்கிறவன் மனசிலே என்ன இருக்கோ அதுதான் அடிபடுறவன் வாயிலே வரும். அண்ணனுக்கு வலது கையிலே ரெண்டு விரல் அதுக்கப்புறம் மடங்கவே இல்லை. அவர் கதை இன்னும் பாக்கி இருக்கு. கடைசியிலே சொல்றேன்.

'ஆட்டுக் கதை வேற, நாட்டுக் கதை வேற'ன்னு அண்ணாச்சி முணுமுணுக்கிறார். சரி, நாட்டுக் கதைக்கு வருவோம்.

2001-இல் அமெரிக்காவிலே இரட்டைக் கோபுரம் இடிஞ்ச பிறகு, இப்ன் அல்-ஷேக் அல்-லிபி என்று ஒருவரைப் பிடித்தார்கள். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அவரை எகிப்துக்கு அனுப்பியது. அங்கே சித்திரவதை. அவர் என்ன சொன்னார்? 'ஈராக், அல்-கய்தாவுக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது' என்றார். 2003 பிப்ரவரி 5-ஆம் தேதி, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு சபையிலே உலகத்துக்கு முன்னால் உட்கார்ந்து இதையும் ஒரு காரணமாகச் சொன்னார். அடுத்த மாதம் போர். அந்த மனிதர் 2004-இல் 'அடி தாங்காமல் சொன்னேன்' என்று மாற்றிச் சொன்னார். அதுக்குள்ளே பாக்தாத் எரிந்து முடிந்திருந்தது!

பாருங்க, எங்க ஊரிலே ஒரு பொய்க்கு ரெண்டு விரல் போச்சு. அங்கே ஒரு பொய் ஒரு தேசத்தையே போருக்குள்ளே தள்ளுறதுக்குத் துணை போச்சு. அடிச்சு வாங்கின வாக்குமூலம் ரெண்டு இடத்திலேயும் ஒண்ணுதான். (கைதட்டல்)

'அடிக்காமக் கேட்டா எவன் சொல்லுவான்?' சொன்னான் ஐயா! 2002-இல் அபு ஸுபைதா என்று ஒருவரைப் பிடித்தார்கள். உடம்பெல்லாம் குண்டுக்காயம். எஃப்.பி.ஐ. அதிகாரி அலி சூஃபான் அவருக்குப் பணிவிடை செய்து, அவர் தாய்மொழியிலே பேசி விசாரித்தார். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குத் திட்டம் போட்டவன் காலித் ஷேக் முகமது என்ற பெரிய தகவல் அப்படித்தான் வந்தது. அதுக்குப் பிறகு வேற ஆட்கள் வந்து அதே கைதியைப் பலகையிலே கட்டி, முகத்திலே துணி போட்டு, மூச்சு முட்டத் தண்ணீர் ஊத்தினாங்க. ஒரே மாதத்திலே 83 தடவை! பிறகு அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழுவே ஆராய்ந்து, 2014 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. இந்தக் கொடுமையெல்லாம் தகவல் பெறுவதற்குப் பயனுள்ள வழியாக இல்லை என்று சொன்னது. சொன்னது யாரு? கவிஞரா? சாமியாரா? அந்த நாட்டு ஆட்சிமன்றத்தின் குழு!

ஆகவே நடுவர் அவர்களே, சித்திரவதை செஞ்சவர் 'கடுமையானவர், ஆனா கெட்டிக்காரர்'னு சொல்ற வாதமே செல்லாது. உளவுத்துறைக்கு வேலை என்ன? உண்மையைக் கண்டுபிடிக்கிறது. பொய்யை உற்பத்தி பண்ணுற வழியிலே வேலை பார்த்தவர் அந்தத் தொழிலுக்கே தகுதி இல்லாதவர். நெல்லைக் கருக்காயாக்குறவனைக் களத்து மேட்டுக்குக் காவல் வைப்பீங்களா? (கைதட்டல்)

அடுத்த கேள்வி. 'பழசை ஏன் கிளறணும்? மேலே இருந்து சொன்னாங்க, செஞ்சார்.'

சரியா இந்தக் கேள்விதான் 2018-இல் அமெரிக்காவில் வந்தது. சி.ஐ.ஏ.வுக்குத் தலைவராக ஜினா ஹாஸ்பெல் அம்மையாரை நியமிக்கப் பேர் கொடுத்தார்கள். பெண் ஒருவர் அந்த நாற்காலிக்கு வருவது அதுதான் முதல் தடவை. தாய்மார்களே, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவருடைய பழைய ஏட்டைப் புரட்டினால் என்ன இருக்கிறது? 2002-இன் கடைசியில் தாய்லாந்திலே இருந்த சி.ஐ.ஏ.யின் ரகசியச் சிறைக்கு அவர்தான் பொறுப்பு. அவர் பொறுப்பில் இருந்தபோது ஒரு கைதிக்கு அந்தத் தண்ணீர்ச் சித்திரவதை நடந்தது. இதையெல்லாம் படம் பிடித்த 92 ஒளிநாடாக்கள் இருந்தன. 2005-இல் அத்தனையும் அழிக்கப்பட்டன. அழிக்கச் சொல்லும் செய்தியை, மேலதிகாரிக்காக எழுதிக் கொடுத்தவர் இதே அம்மையார்.

விசாரணையிலே கேட்டாங்க: 'அன்னைக்குச் செஞ்சது அறமா, இல்லையா? ஒரே வார்த்தையிலே சொல்லுங்க!' அவர் சொல்லவில்லை. 'இனிமேல் அப்படிச் செய்ய மாட்டோம்' என்று மட்டும் சொன்னார். ஓட்டெடுப்புக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, 'அது செய்திருக்கக் கூடாத திட்டம்' என்று ஒரு கடிதம் வந்தது. என் மாணவன் ஒருத்தன் இப்படித்தான். வருஷம் பூராப் புத்தகத்தைத் தொட மாட்டான். பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாலே வந்து, 'ஐயா, படிக்காதது தப்புதான்யா'ம்பான்! (சிரிப்பு) நான் அவனுக்குப் பாஸ் போட மாட்டேன். அமெரிக்கா போட்டது! 54-க்கு 45.

அதே செனட்டில் ஒருவர் இருந்தார். பேர் ஜான் மெக்கெய்ன். அந்த அம்மையாரை நியமித்த அதிபரின் கட்சிக்காரர்தான். வியட்நாம் போரில் பிடிபட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்து சித்திரவதை அனுபவித்தவர். அப்போது கடுமையான நோயிலே வீட்டில் படுத்திருந்தார். படுக்கையிலிருந்து, 'இவரை ஏற்காதீர்கள்' என்று அறிக்கை விட்டார். அண்ணாச்சி, உங்களுக்கும் எனக்கும் இது பட்டிமன்றத் தலைப்பு. அவருக்கு உடம்பிலே எழுதின பாடம். அவர் பேச்சை நம்பலாமா, நம்ம பேச்சை நம்பலாமா? (கைதட்டல்)

கடல் தாண்டிப் போக வேண்டாம், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டினாப் போதும். கேரளம். 1976 மார்ச் 1-ஆம் தேதி. நெருக்கடி நிலைக் காலம். கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவன் ராஜன். பாடக்கூடிய பிள்ளை. போலீஸ் பிடித்துக் கக்கயம் முகாமுக்குக் கொண்டு போனது. தொடை மேலே உலக்கை மாதிரி கட்டையை வெச்சு உருட்டுறது அந்த முகாமிலே நடந்த கொடுமை. பையன் திரும்பி வரலை. உடம்புகூடக் கிடைக்கலை. அப்பா ஈச்சர வாரியர் ஒரு பேராசிரியர். என்னை மாதிரி வாத்தியார். ஏறாத அலுவலகப் படி இல்லை. நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கின் வேகத்தில் 1977 ஏப்ரலில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக வேண்டி வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் உள்துறையை வைத்திருந்தவர் அவர்தான்.

வீட்டிலே என்ன நடந்தது தெரியுமா? மகன் எந்த ராத்திரியிலும் பசியோடு வரலாம் என்று சோறும் இலையும் எடுத்து வைக்கச் சொல்வாராம் அந்த அப்பா. அந்தத் தகப்பன் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளைப் படித்த யாருக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த முகாம் விசாரணைக்குப் பொறுப்பாக இருந்த குற்றப்பிரிவு டி.ஐ.ஜி. ஜெயராம் படிக்கல். விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் விடுதலை ஆனார். நீதிமன்றத் தீர்ப்புக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அதோடு முடியவில்லை. பிற்காலத்தில் அவர் கேரளப் போலீசுக்கே தலைமை இயக்குநர் ஆனார்! இலையைப் போட்டுக் காத்திருந்த வீட்டுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்?

அண்ணாச்சி உடனே எழுந்திரிப்பார்: 'விடுதலை ஆனவரைக் குத்தவாளி மாதிரி நடத்தலாமா?' கூடாது! ஒருநாளும் கூடாது. அவர் வீட்டுக்குப் போகலாம், ஓய்வூதியம் வாங்கலாம், பேரப்பிள்ளைகளோட இருக்கலாம். சிறைக்குப் போகாம இருக்கிறது ஒரு மனிதனுடைய உரிமை. சந்தேகத்தின் பலன் அங்கே அவருக்குத்தான். ஆனா தலைமை நாற்காலி ஒருத்தருடைய உரிமை இல்லை ஐயா, ஜனங்க குடுக்கிற நம்பிக்கை. அங்கே சந்தேகத்தின் பலன் ஜனங்களுக்கு! (நீண்ட கைதட்டல்) பால்லே பல்லி விழுந்துச்சா இல்லையான்னு நிச்சயமாத் தெரியலைன்னா, நம்ம வீட்டுத் தாய்மார்கள் என்ன செய்வாங்க? பல்லி மேலே வழக்குப் போட மாட்டாங்க. ஆனா அந்தப் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டாங்க!

சரி, சந்தேகமே இல்லாத இடத்துக்கு வருவோம். இலங்கை. 2010-இல் கொழும்புக்குப் பக்கத்திலே மிரிஹான போலீஸ் நிலையத்திலே திருட்டுச் சந்தேகத்தில் ஒருவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். குடும்பத்தோட உட்கார்ந்திருக்கிறீங்க, அவருக்கு என்ன செய்தார்கள்னு நான் விவரிக்க மாட்டேன். அவர் விடவில்லை. வழக்குப் போட்டார். பதிமூணு வருஷம்! 2023 டிசம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சித்திரவதை நடந்தது உண்மை. பொறுப்பாளிகளில் ஒருவர், அப்போது அந்தப் பகுதிக்கு அதிகாரியாக இருந்த தேசபந்து தென்னகோன். சொந்தப் பணத்திலிருந்து நஷ்டஈடு கட்ட வேண்டும். துறை நடவடிக்கையும் எடுக்க வேண்டும்.

தீர்ப்பு வந்த நாளில் அவர் என்னவாக இருந்தார்? பதில் பொலிஸ் மா அதிபர்! நாட்டுப் போலீசுக்கே தற்காலிகத் தலைவர்! சரி, தீர்ப்பு வந்ததும் இறக்கிட்டாங்களா? அதுதான் இல்லை. 2024 பிப்ரவரியில் நிரந்தரத் தலைவராகவே ஆக்கினார்கள்! தற்காலிகமா இருந்த தப்பை நிரந்தரமாக்கிட்டாங்க! (சிரிப்பு)

அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு? 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது. 2023 டிசம்பர் 31-ஆம் தேதி வெலிகமவிலே ஒரு ஓட்டலுக்கு முன்னால் போலீசை போலீசே சுட்டு, ஒரு போலீஸ்காரர் செத்துப்போன சம்பவம் நடந்திருந்தது. அந்த வழக்கிலே இவரைத் தேடினார்கள். நாட்டின் போலீஸ் தலைவரைப் போலீசே தேடுது! 2025 மார்ச்சில் நீதிமன்றத்தில் சரண். 2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பாராளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. நீக்கச் சொல்லி 177 ஓட்டு. எதிர்த்து? ஒரு ஓட்டுகூட இல்லை!

நான் இதிலே கவனிக்கிறது ஒண்ணுதான். 2025-இல் ஒரு மனதாகச் சரின்னு பட்டது, 2024 பிப்ரவரியில் ஏன் படவில்லை? அன்றைக்கும் அதே தீர்ப்பு மேசை மேல்தானே இருந்தது? நியமிக்கும் முன்னாலே ஒரு கேள்வி கேட்டிருந்தா, ஒரு பாராளுமன்றமே கூடி இறக்க வேண்டிய வேலை மிச்சம்! (கைதட்டல்)

'அடுத்த வீட்டுக் கதையே பேசுறீங்களே, நம்ம வீடு?'ன்னு கேட்கிறீங்க. சொல்றேன். இந்தக் கொடுமை நமக்குப் புதுசு இல்லை. 1854-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க வெள்ளைக்காரனே ஒரு ஆணையம் போட்டான். நிலவரி கட்ட முடியாத குடியானவன் கையிலே கிட்டி போட்டு நெரிச்சதெல்லாம் அந்த அறிக்கையிலே இருக்கு. கிட்டின்னா கிட்டிப்புள் விளையாட்டு இல்லை பிள்ளைகளா, விரலை நசுக்குற கட்டை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற புதுச் சட்டத்திலும் அது 23-ஆம் பிரிவாக இருக்கிறது. ஏன்? அந்த வாக்குமூலம் எப்படி வாங்கப்படும்னு சட்டம் எழுதினவனுக்கே தெரியும்! ஆனால் 1997-இல் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையிலே கையெழுத்துப் போட்ட நம்ம நாடு, அதை இன்னும் உறுதி செய்யவில்லை. நிச்சயதார்த்தம் முடிஞ்சு இத்தனை வருஷமாச்சு, இன்னும் தாலி கட்டலை! (சிரிப்பு)

2023-இல் அம்பாசமுத்திரத்திலே, விசாரணைக்கு வந்தவர்களின் பல்லைப் பிடுங்கியதாக ஒரு காவல் அதிகாரி மேல் புகார் வந்ததே, நமக்கெல்லாம் தெரியும். அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்; 2024 ஜனவரியில் அந்த நீக்கம் ரத்தானது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிபதி, நான் இல்லை. புகார் வேறு, நிரூபணம் வேறு. நான் கேட்கிறது எல்லாம், அந்தப் புகாருக்கு முழுசாப் பதில் வராம யாரும் மேலே மேலே ஏறிப் போகக் கூடாது என்பதுதான்.

'மேலே இருந்து சொன்னா, கீழே இருக்கிறவன் என்ன செய்வான்?' என்றார் அண்ணாச்சி. 2020 ஜூனிலே சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவும் மகனும் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடுத்தடுத்த நாளில் இறந்தார்களே, அந்த நிலையத்திலே ரேவதின்னு ஒரு தலைமைக் காவலர் இருந்தார். விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், அந்த ராத்திரி நடந்ததைச் சொன்னார். கூட வேலை பார்க்கிறவங்க எல்லாம் அங்கேயே நிக்கிறாங்க. பிள்ளைகுட்டிக்காரி. பயம் இருக்காதா? இருந்துச்சு. ஆனாலும் சொன்னார். தோளிலே நட்சத்திரம் இல்லாத ஒரு தாய்க்கு முடிஞ்சது, தோள் நிறைய நட்சத்திரம் வெச்சிருக்கிறவருக்கு முடியாதா? (நீண்ட கைதட்டல்)

மூணாவது கேள்வி. 'திருந்தினவனுக்கு வாழ்வு கிடையாதா?' உண்டு! வேடனாகத் திரிந்தவர் வால்மீகி ஆனார் என்று கதை கேட்டிருக்கிறோம். ராமாயணம் எழுதினார், கும்பிடுகிறோம். ஆனால் அவரை யாரும் அயோத்திக்குப் போலீஸ் கமிஷனர் ஆக்கலை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) திருந்தினவன் திருந்தினதுக்கு முதல் அடையாளமே, பழைய ஆயுதத்தைத் திரும்பக் கேட்காம இருக்கிறதுதான்.

நடுவர் அவர்களே, நீங்கள் தமிழ் படித்தவர். ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்கிறேன். வள்ளுவர் உளவுக்கு எதிரி இல்லை. ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே பாடினார்; அது 59-ஆவது. அதுக்கு முன்னாலே இருக்கிறது என்ன? 58, கண்ணோட்டம், அதாவது இரக்கம். அதுக்கும் முன்னாலே? 57, வெருவந்த செய்யாமை. குடிகள் நடுங்குற காரியத்தைச் செய்யாமல் இருப்பது. வரிசையைப் பாருங்க! நடுங்க வைக்காதேன்னு ஒரு வாசல், இரக்கம் வேணும்னு ஒரு வாசல். இந்த ரெண்டு வாசலையும் தாண்டினாத்தான் உளவு என்கிற அறைக்குள்ளே போகலாம். கொல்லைப்புறமாச் சுவரேறிக் குதிச்சவரை அந்த அறைக்குத் தலைவராக்கலாமா? (கைதட்டல்)

என்ன செய்யலாம்? மாநிலப் போலீஸ் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. மூணு பேர் பட்டியல், பணிக்காலம், பணிப்பதிவு, அனுபவம். ஐ.பி., 'ரா' போன்ற உளவு அமைப்புகளுக்குத் தலைவர் போடும்போது அவரைப் பாராளுமன்றத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கமே நம்மிடம் இல்லை. ராத்திரி முடிவாகும், காலையிலே பேப்பரிலே பார்ப்போம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தால் ஏழு ஊரிலே விசாரிக்கிறோம். நாட்டுக்குக் காவல் பார்க்கிறவரைப் பத்தி ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? 'உங்கள் பொறுப்பில் இருந்த இடத்தில் யாராவது சித்திரவதைப்பட்டதாக நீதிமன்றமோ ஆணையமோ சொல்லியிருக்கிறதா?' இந்த ஒரே கேள்வி. 'ஆமாம்' என்றால், அந்த நாற்காலி வேண்டாம். வேறு வேலை இருக்கிறது.

தலைவர் ஒருத்தர்தானே, அவர் ஒருத்தராலே என்ன ஆகிடும்னு நினைக்காதீங்க. பணிக்குப் புதுசா வர்ற இருபத்திரண்டு வயசுப் பையன் ஒரு வடலி. அவன் சட்டப் புத்தகத்தைப் பார்த்துத் தொழில் கத்துக்கிறதில்லை. மேலே போனவர் எப்படி மேலே போனார்ங்கிறதைப் பார்த்துத்தான் கத்துக்கிறான். அடிச்சவர் உசந்தா, அடிக்கிறதுதான் உசர வழின்னு வடலி வளரும். பனையா வளர்ந்த பிறகு கோணலை நிமிர்த்த முடியுமா?

கடைசியாக எங்க அண்ணன் கதை. விரல் மடங்காததால் அரிவாள் பிடிக்க முடியலை. ஒரு பள்ளிக்கூடத்திலே வாட்ச்மேன் வேலை கிடைச்சுது. வருஷம் ஓடிப்போச்சு. அந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். பெரிய அதிகாரி, நல்லாப் பேசுறவர், பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தைப் பத்திப் பேச வந்தவர். கேட்டைத் திறந்து சலாம் போட்ட அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவரேதான். அந்த ரெண்டு ராத்திரிக்காரர். தலைமையாசிரியருக்கு என்ன தெரியும்? 'மாலைத் தட்டை எடுத்துக்கிட்டு மேடைக்கு வாப்பா'ன்னார். அண்ணன் கொண்டு போனார். மடங்காத ரெண்டு விரலோட தட்டைப் பிடிச்சுக்கிட்டு அவர் பக்கத்திலேயே நின்னார்.

அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்கு வந்தார். சாப்பிடச் சொன்னோம், வேண்டாம்னுட்டார். அவர் கோபப்படலை, அழலை. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "தம்பி, அவருக்கு என்னை அடையாளமே தெரியலடா."

(அரங்கில் அமைதி)

அடிச்சவருக்கு அது மறந்துபோன ஒரு ராத்திரி. அடிபட்டவருக்கு அது தினம் வர்ற ராத்திரி. அடிச்சவரை நாம உசத்தி வெக்கும்போது, அடிபட்டவரைப் பார்த்து, 'உனக்கு நடந்தது ஒண்ணுமே இல்லை'ன்னு அரசாங்கம் கையெழுத்துப் போட்டுச் சொல்லுது. அதைத்தான் வேண்டாம்னு சொல்றோம். பழிவாங்கச் சொல்லலை.

இங்கிருந்து வடக்கே போனால் மதுரை. அந்த மதுரையிலே ஒரு பாண்டியன் இருந்தான். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல விட்டான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். அவன் என்ன செய்தான்? 'உளவு தப்பாச் சொல்லிட்டாங்க'ன்னு சொன்னானா? 'நாட்டுப் பாதுகாப்பு'ன்னு சொன்னானா? 'பழைய கதையை விடும்மா'ன்னு சொன்னானா? இல்லை! குற்றவாளி நானே என்று ஏற்றுக்கொண்டு, அரியணையிலே இருந்தபடியே உயிரை விட்டான் என்று இளங்கோ சொல்கிறார். யாரும் உயிரை விட வேண்டாம் ஐயா. நாற்காலியை விட்டாப் போதும்! (நீண்ட கைதட்டல்)

எனவே நடுவர் அவர்களே! அடிச்சு வாங்கினது உண்மை ஆகாது. அடிச்சவர் திறமைசாலி ஆக மாட்டார். அவரை உயர்த்துகிற நாடு அடிபட்டவனை இன்னொரு தடவை அடிக்கிறது. காவல், உளவுத் துறைகளின் தலைமைக்குப் பெரிதும் வேண்டுவது கறையில்லாத கையே என்று தீர்ப்பு வழங்குமாறு, மடங்காத அந்த ரெண்டு விரலின் சார்பாக உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.